அரை மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு

ஐம்பத்தாறு வயது வரை வீரப்பனுக்கு அரை மில்லிமீட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை. செம்பனை எண்ணெய் ஏற்றும் டாங்கி லோரியை இருபத்தாறு வருடம் ஓட்டிய மனிதர். புலாவ் செபாங் பக்கத்து ஆலையிலிருந்து துறைமுகம் வரை போகிற வண்டி. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் இருந்தால் போதும், கண்ணாடியைப் பார்த்தபடியே பின்னுக்கு எடுத்துவிடுவார். சாணுக்குக் கீழே உள்ள அளவெல்லாம் நகைக்கடைக்காரர்கள் கவலைப்பட வேண்டியவை என்று நினைத்திருந்தார்.

இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து அந்த நினைப்பைக் கலைத்தது. காலணி கடித்த சின்னப் புண்தான். தீபாவளிக்கு முந்திய வாரம், லோட் அதிகம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாக்ஸுக்குள் மறைத்துக்கொண்டு ஓட்டினார். இந்த இடத்தில் அவரைத் திட்டாமல் கதையை நகர்த்த முடியாது. மனைவி பாக்கியலட்சுமி கேட்டபோது கொசுக்கடி என்றார், மகள் ராகினி கேட்டபோது அதையும் சொல்லவில்லை. புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். அதுதான் கிளட்ச் மிதிக்கிற கால்.

லோரிச் சாவியை அவரே கொண்டுபோய்த் தவுக்கேயிடம் கொடுத்தார். அந்தச் சீன முதலாளி நல்லவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு டுரியான் துங்காலில், தாமான் குடியிருப்பு வீட்டின் முன்னறையில், வீரப்பனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் நீளமான பகலும் மிஞ்சின. பாக்கியலட்சுமி பல்கலைக்கழக கேண்டீன் சமையல்கட்டுக்கு விடிவதற்குள் போய்விடுவாள். ராகினி பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் தாதி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "கெர்ஜா?" என்பாள். வேலை என்ன என்று கேட்கிறாள். வீரப்பன் பதில் சொல்வதற்குள் அவளே காலைப் பார்த்துவிட்டு, வேலை இல்லை என்று எழுதிக்கொள்வாள்.

விரல் நுனிகளும் மரத்துப்போயிருந்தன. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். உள்ளங்கையில் மட்டும் உணர்ச்சி மிச்சம் இருந்தது. கைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், ராகினி ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு லோரி. நிஜ லோரியை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கியது, வெட்டி ஒட்டிக் கட்ட வேண்டும். முதல் லோரி பார்க்கவே பாவமாக வந்தது, பசையில் அவர் ரேகையெல்லாம் பதிந்திருந்தது. இரண்டாவதன் சக்கரம் நேராக நின்றது. நான்காவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அப்புசாமி, இதைக் கடையிலேயே இப்படி விற்கிறார்களா என்று கேட்டார். அன்று வீரப்பன் இரண்டு முறை கேட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பாக்கியத்துக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. வேலை முடிந்து வருகிறவள் கண்ணில் முதலில் படுவது மேசை நிறைய பிளாஸ்டிக் சீவல். ஒருநாள் புலாவ் செபாங்கில் இருக்கும் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு என்னா செய்வாரு, சும்மாதான் ஒக்காந்திருக்காரு. பிளாஸ்டிக்க வச்சு நோண்டிக்கிட்டு."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் அந்தச் சும்மா என்ற சொல் வீரப்பனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போன வருடம் ஆயுத பூசையின்போதே, யாரும் சொல்லாமலே, அது ஒருமுறை வந்திருக்கிறது. இருபத்தாறு வருடம் அந்த வீட்டுச் சாமி மேடையில் நடுத்தட்டு லோரிச் சாவிக்குத்தான். போன வருடம் பாக்கியத்தின் கேண்டீன் கத்தி இருந்தது, ராகினியின் தொழிற்சாலை அட்டை இருந்தது, அவருடையது என்று வைக்க ஒன்றுமில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லி அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலித்தது காலில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

இந்த வருடம் அதே ஆயுத பூசைக்கு இரண்டு வாரம் முன்னால்தான் நிவேந்திரன் கடைக்குக் கூப்பிட்டான். தெங்கேராவில் பழைய கடைவீட்டின் முன்கூடத்தில் இந்த மாதிரிப் பெட்டிகளை விற்கிறவன். முப்பத்து நான்கு வயது, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவன். ஜோகூரில் ஒரு லோரிக் கம்பெனி, தங்கள் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்கு ஐந்து டாங்கி லோரி கட்டிக் கேட்டிருந்தது.

"மொத ஒண்ணு சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொடுத்திரணும் அங்கள். அதாவது அடுத்த வாரத்துக்கு அடுத்த சனி. அது புடிச்சிருந்தா பாக்கி நாலும் ஒங்களுக்குத்தான். அப்புறம் கடைக்கு வர்ற மத்த ஆர்டரும் ஒங்ககிட்டயே வரும். புடிக்கலன்னா கோலாலம்பூர்ல ஒரு ஆளு இருக்காரு, அவருகிட்ட போயிரும்."

"குடு தம்பி."

"ஒரு விசயம். இதுல கைப்பிடி எல்லாம் பிளாஸ்டிக்லயே மொத்தையா வந்திருக்கு. அந்தக் கம்பெனி மொதலாளி லோரி ஓட்டி மேல வந்தவரு, பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவாரு. அத வெட்டிட்டு செப்புக் கம்பி போடணும். கண்ணாடி, ஏணி, எல்லாம் சேத்து நாப்பத்தி நாலு ஓட்டை. அரை மில்லிமீட்டர்."

"ஓட்ட போடறது ஒரு வேலையா? வீட்டுல டிரில் இருக்கு லா."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் ஒரு வாரம் வருந்தினார்.

வீட்டு டிரில், சுவரில் ஆணி அடிக்க வாங்கியது. அதன் வாயை எவ்வளவு இறுக்கினாலும், பெட்டியோடு நிவேந்திரன் கொடுத்த ஒரே ஓர் அரை மில்லிமீட்டர் துளையூசி அதில் நிற்கவில்லை, உள்ளே போட்டால் வெளியே விழுந்தது. யானையிடம் கொடுத்துப் பூக்கட்டச் சொன்ன மாதிரி இருந்தது. அடுத்து, பொய்க்காலை மாட்டிக்கொண்டு அப்புசாமியிடம் போனார். அப்புசாமி மோட்டார் பழுது பார்க்கிறவர், இரும்பைத் தேய்க்க ஒரு சின்னச் சுழலும் மெஷின் வைத்திருந்தார். அதன் வாய் சிறியது, ஊசி நின்றது. நல்லவேளை, லோரியில் வைக்காமல் உதவாத ஒரு பிளாஸ்டிக் துண்டில் முயன்று பார்த்தார். மெஷினின் மிகக் குறைந்த வேகமே பிளாஸ்டிக்குக் கூடுதல். தொட்ட நொடியில் துளை விழவில்லை, உருகியது. நாற்றம் வந்தது. ஊசி நுனியில் வெள்ளையாக ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டது, அந்த ஊசி அதோடு சரி, துண்டில் மிளகாய் விதை உட்காரும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் ராகினி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். அவள் தொழிற்சாலையில் நாள் முழுக்க நடப்பதே இதுதான். பச்சை நிற சர்க்யூட் பலகைகளில் முடி நுழையாத துளைகளை மெஷின் போட்டுத் தள்ளுகிறது. இத்தனை ஆயிரம் துளை போட்டதும் அந்த ஊசிகளைக் கழித்து டின்னில் போடுவார்கள். மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு இருபது ஊசி வாங்கி வந்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நிறம் நிறமாக வளையம்.

"கார்பைடு பா. இரும்ப விட கெட்டி. இதுக்கு மேல உலகத்துல ஊசி கெடையாது."

அப்பனும் மகளும் செய்த தவறு இதுதான். தொழிற்சாலை வேலைக்குப் போகிற பிள்ளை உள்ள வீட்டில்தான் இந்தத் தவறு நடக்கும், கடையில் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு நடக்காது. வீரப்பன் ஊசியை ஒரு மரப்பிடியில் இறுக்கி, அதே உதவாத துண்டில் வைத்துக் கையாலேயே திருகினார். முதல் துளை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் 'டிக்' என்று ஒரு சத்தம், நுனி காணவில்லை. மத்தியானச் சோற்றுக்குள் பதினோரு ஊசி போய்விட்டது.

ராகினி முறிந்த துண்டுகளைப் பார்த்தாள். "இது கண்ணாடி மாதிரிதான் பா. கெட்டியா இருக்கும், ஆனா கொஞ்சங்கூட வளையாது. மெஷின் நேரா எறங்கி நேரா ஏறும், அதுக்குக் கை ஆடாது. ஒங்களுக்கு..."

நிறுத்திக்கொண்டாள். வீரப்பன் தன் கையைப் பார்த்தார். ஆடத்தான் செய்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது. மீதி ஒன்பது ஊசியையும் பெட்டியில் போட்டு மூடி அவளிடமே கொடுத்துவிட்டு, "நாளைக்கு தெங்கேரா போவோம், கொண்டுபோயி விடு" என்றார்.

நிவேந்திரன் மூன்று கருவிகளை மேசையில் வைத்தான். பின் வைஸ் என்பார்கள். பேனா அளவில், கையால் திருகித் துளை போடுகிற டிரில். முதலாவது வழவழவென்று உருண்டையாக, நகைக்கடைச் சாமான் போலப் பளபளத்தது. வீரப்பனுக்கு அதன் மேல் ஆசை வந்தது. எடுத்தார், மரத்த விரல்களிலிருந்து வழுக்கியது, மேசையில் உருண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க அவரால் முடியாது. நிவேந்திரன் ஒன்றும் நடக்காதது போல் எடுத்துத் தள்ளி வைத்தான். இரண்டாவதற்குப் பெரிய மரக் குமிழ். பிடிக்கச் சுகமாக இருந்தது, ஆனால் கையின் கனம் முழுவதும் ஊசி நுனியில் போய் இறங்கும். இரண்டு மில்லிமீட்டர் துளைக்குச் சரி, அரை மில்லிமீட்டருக்கு ஆகாது என்றான்.

மூன்றாவது குட்டையானது, மங்கலான நிறம், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. உடம்பு ஆறு பட்டையாக இருந்ததால் வைத்த இடத்தில் கிடந்தது, உருளவில்லை. பிடிக்கிற இடத்தில் சொரசொரப்பு. பின்னால் தனியாகச் சுழலும் ஒரு குமிழ். குமிழை உள்ளங்கையில் பதித்துக்கொண்டு விரல்களால் உடம்பை மட்டும் திருக வேண்டும். வீரப்பன் பதித்துப் பார்த்தார். விரலுக்குத் தெரியாதது உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஊசி எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம், எல்லாம் குமிழ் வழியாக வந்தது. லோரியின் கியர் கம்பிக் குமிழும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

"இதே போதும் தம்பி."

"ஊசி இரும்புலயே எடுங்க அங்கள். கார்பைடு மாதிரி கூர் இருக்காது. ஆனா ஒடயறதுக்கு முன்னாடி கொஞ்சம் வளஞ்சு காட்டும். கண்ண அதுலயே வச்சிருங்க. அரை மில்லியில ரெண்டுதான் இருக்கு, அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆவும். பாயிண்ட் ஆறு, பாயிண்ட் எட்டு, ஒரு மில்லின்னு மத்த அளவுல ஒவ்வொண்ணு வச்சுக்குங்க."

அதற்குப் பிறகு வீரப்பன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் தையல் ஊசியால் ஒரு புள்ளி குத்துவார், டிரில் சறுக்காமல் இருக்க. நுனியை ஏற்றாத மெழுகுவத்தியில் ஒருமுறை தொடுவார், உரசாமல் இறங்க. குமிழை உள்ளங்கையில் பதித்து நாலு திருகு, வெளியே எடுத்துச் சீவலைத் துடைப்பது, மறுபடி நாலு திருகு. வெள்ளைச் சீவல் சுருள் சுருளாக ஏறி வந்தால் எல்லாம் சரி. நின்றுபோனால் உள்ளே அடைக்கிறது, எடுத்துவிட வேண்டும். ஒரு துளைக்குப் பத்து நிமிடம். பன்னிரண்டாவது துளையில் போன் அடித்தது, திரும்பிப் பார்த்தார், இரண்டில் ஓர் ஊசி போய்விட்டது. அதிலிருந்து போனைக் குளியலறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் முப்பத்தெட்டு துளை முடிந்திருந்தது. மிச்சம் ஆறு. வெள்ளி காலை கிளினிக், மத்தியானம் வந்து ஆறையும் போட்டுவிட்டால் கம்பியை மாட்டிவிடலாம். அப்படித்தான் திட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை ஆயுத பூசை என்பது அவர் திட்டத்தில் இல்லை. இனி அந்த நாளில் தனக்கு வேலை இல்லை என்று போன வருடமே ஒதுக்கிவிட்டிருந்தார்.

வெள்ளி மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் மேசையைப் பார்த்தார். லோரி இருந்தது. பின் வைஸைக் காணவில்லை. ஊசி டப்பாவையும் காணவில்லை.

சாம்பிராணி வாசம் வந்தது. சாமி மேடையில் பாக்கியத்தின் கத்தியும் கரண்டியும் அருவாமனையும் இருந்தன, ராகினியின் அட்டையும் மடிக்கணினியும் கார்ச் சாவியும் இருந்தன. நடுத்தட்டில், இருபத்தாறு வருடம் லோரிச் சாவி இருந்த இடத்தில், ஒரு வெற்றிலை. அதன் மேல் ஆறு பட்டைப் பின் வைஸ். பக்கத்தில் நாலு ஊசியும் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அரை மில்லிமீட்டர் ஊசிக்குக்கூட பாக்கியம் எப்படியோ பொட்டு வைத்திருந்தாள்.

வீரப்பனுக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க வேண்டியதில்லை. மேடையில் வைத்ததை மறுநாள் காலைப் பூசை முடியும்வரை எடுக்கக் கூடாது. நாளை மத்தியானம் தெங்கேராவில் இருக்க வேண்டும். ஆறு துளை இருக்கிறது. வாயைத் திறந்தார்.

"இத ஏன் இங்க வச்ச?"

பாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தாள். "பயப்படாதீங்க, ஒண்ணும் தொலையல. டீ வடிகட்டியில போட்டுத்தான் கழுவினேன், சிங்க்ல ஓடிறக் கூடாதுன்னு. துணியில ஒத்தி எடுத்து, ஈர்க்குச்சியால பொட்டு வச்சேன். கத்திக்கு வாயிலதானே வைக்கிறோம், அதான் இதுக்கும் வெட்டற எடத்துலயே வச்சேன். சரிதானே?"

"அது இல்ல. இத ஏன் பூசையில வச்சன்னு கேட்டேன்."

"ஏன்னா?" அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஒங்க தொழில் சாமான் இல்லயா?"

வீரப்பன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு குளியலறைக்குப் போனார். போனை அங்கிருந்து எடுக்கப் போனது போல் எடுத்துக்கொண்டு, முகம் கழுவிவிட்டு, நெடுநேரம் கழித்து வந்தார். சூடம் ஏற்றும்போது, "நான் காட்டறேன்" என்று கையை நீட்டினார். இரண்டு வருடமாக அவர் காட்டியதில்லை. பாக்கியம் தட்டைக் கொடுத்தாள். மூன்று சுற்றும் காட்டி முடித்தார். அன்று அவருக்கு இருந்தது சந்தோஷம். அதற்கு அடியில் ஆறு துளையின் பயமும் இருந்தது.

சனி காலை பூசை முடிந்ததும் பாக்கியம் பின் வைஸை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்து, "நல்லபடியா தொடங்குங்க" என்றாள். அவர் மேசைக்கு வந்து ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குங்குமம் துணியில் துடைத்ததும் போய்விட்டது. சந்தனம் போகவில்லை. இரவெல்லாம் காய்ந்து, ஊசியைச் சுற்றி ஓடும் அந்த மயிரளவுப் பள்ளத்தில் சிமெண்ட் போலப் பிடித்திருந்தது. சீவல் ஏறி வெளியே வருவதே அந்தப் பள்ளம் வழியாகத்தான். பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார், தையல் ஊசியால் சுரண்டினார். பாதி வந்தது, அடிப்பள்ளத்தில் இருந்தது வரவில்லை. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. வேறு அரை மில்லிமீட்டர் ஊசி கிடையாது. தொடங்கினார்.

நாலுக்குப் பதில் ஒவ்வொரு திருகுக்கும் ஒருமுறை வெளியே எடுத்தார். ஏணிக்கு நாலு துளை போனது. வலப்பக்கக் கண்ணாடிக்கு ஒன்று போனது. கடைசி, இடப்பக்கக் கண்ணாடி. அதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சீவல் சுருண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது, நின்றது. ஊசி வளைந்ததைக் கண் பார்த்தது. கை நிற்பதற்குள் 'டிக்'.

வீரப்பன் கருவியை விலக்கிப் பார்த்தார். துளைக்குள் ஊசி முறிந்து, ஒரு மில்லிமீட்டர் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தால் கதவின் பிளாஸ்டிக்கும் பிய்ந்து வரும். இருபத்தாறு வருடம் ஒரு சாண் இடத்தில் லோரியைப் பின்னுக்கு எடுத்தவர், ஒரு சந்தனப் பொட்டில் இடித்துக்கொண்டு நின்றார். சமையலறையில் பாக்கியம் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். நெய் வாசம் வந்தது. கத்தலாம் போலிருந்தது. கத்தியிருந்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

"பாக்கியம்."

கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னாங்க?" காலையில் வைத்த விபூதி நெற்றியில் இருந்தது. முகம் முழுக்க ஒரு நிறைவு, போன வருடம் இதே நாளில் அந்த முகத்தில் இல்லாதது. வீரப்பன் பார்த்தார்.

"குடிக்கக் கொஞ்சம் சுடுதண்ணி குடு."

சுடுதண்ணீர் வந்தது. குடிக்கப் போனவர் நிறுத்தி, கோப்பையைப் பார்த்தார். மீதியிருந்த ஊசிகளில் பாயிண்ட் ஆறை, அரை மில்லிக்கு அடுத்த பருமனானதை, அதில் போட்டார். ஐந்து நிமிடத்தில் சந்தனம் கரைந்து தண்ணீர் மஞ்சளானது. இந்தப் புத்தி ஒன்பது மணிக்கே வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், ஆனால் புத்தி எப்போது வருகிறதோ அப்போதுதானே வரும்.

முறிந்த ஊசி நேராகத்தான் நின்றது. கதவில் துளை போட்டுக் கம்பியைச் செருகி, அதில் கண்ணாடியை மாட்ட வேண்டும் என்பதுதானே வேலை. கம்பிக்குப் பதில் இதோ இரும்பே நிற்கிறது. சுத்தமான ஊசியைப் பின் வைஸில் இறுக்கி, கண்ணாடித் தண்டின் அடியில் ஒரு துளை போட்டார். குமிழ் உள்ளங்கையில் பதிந்திருந்தது, சுருள் சுருளாகச் சீவல் வந்தது. ஒரு சொட்டுப் பசை வைத்து, முறிந்த ஊசியின் மேல் தண்டைச் செருகினார். பிடித்துக்கொண்டது. மற்ற கம்பிகளையெல்லாம் மாட்டி முடித்தபோது ராகினி கார்ச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

தெங்கேராவில் நிவேந்திரன் லோரியை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒரு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். ஏணி, கைப்பிடி, வலது கண்ணாடி. ஒவ்வொன்றையும் சுண்டுவிரலால் மெல்ல அசைத்தான். இடது கண்ணாடியில் விரலை வைத்தவன் நின்றான்.

"இது மட்டும் கல்லு மாதிரி நிக்குது. கம்பி போடலயா அங்கள்?"

சொல்லாமல் விடலாம். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் வண்டியில் கோடு விழுந்தால் யாரும் கேட்பதற்கு முன் தானே போய்த் தவுக்கேயிடம் சொல்கிற பழக்கம் அவருடையது. அதை இத்தனை வயதுக்கு மேல் மாற்ற முடியாது.

"ஊசி உள்ள ஒடஞ்சிருச்சு தம்பி. எடுக்க முடியல. அதயே ஆணியா வச்சு மாட்டிட்டேன். வேணான்னா சொல்லு, கதவ மாத்தித் தர்றேன், ரெண்டு நாள் குடு."

"இரும்பு ஊசி எப்படி அங்கள் ஒடஞ்சுச்சு? வளஞ்சு காட்டியிருக்குமே."

"காட்டுச்சு. சந்தனம் அடச்சிருந்துச்சு."

"சந்தனமா?"

"நேத்து ஆயுத பூச இல்லயா. வீட்டுல பொட்டு வச்சிட்டாங்க."

நிவேந்திரன் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்து இடது கதவில் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். தண்டுக்கும் கதவுக்கும் நடுவே, பசைக்குள், கடுகில் கால்வாசி அளவு ஒரு மஞ்சள் இருந்தது. பிறகு லோரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். கடையின் பின்பக்கம் போய், நாலு பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்து ராகினியின் கையில் கொடுத்தான்.

"ஜோகூர் மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவரு லோரிக்கும் நேத்து எலுமிச்சங்கா வச்சிருப்பாரு. திங்கக்கெழம ஊசி வந்திரும் அங்கள், பத்தா எடுத்து வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து பெட்டிகளை மேசையில் வைத்ததும் பாக்கியம் கேசரித் தட்டோடு வந்தாள். அவருக்கு வைத்தது ஒரே ஒரு கரண்டி, சீனி குறைத்துத் தனியாகக் கிளறியது. பெட்டிகளை எண்ணிப் பார்த்தாள். கேட்காமலே புரிந்துகொண்டாள்.

வீரப்பன் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "பாக்கியம், அடுத்த வருசம் பூசைக்குப் பொட்ட கைப்பிடியில வையி. ஊசியில வேணாம்."

அவள் முகம் வாடியது. "ஐயோ, ஒடஞ்சிருச்சா?"

"இல்ல லா. லோரிலயே மாட்டிக்கிச்சு. ஒன் பொட்டோட ஜோகூர் போவுது."